லால்குடிக்கு பஸ் ஏறிய சாவி

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். ‘இது கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு. தயவுசெய்து கரண்ட் என்று சொல்லாதீர்கள்.’ எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த கவிதா அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டிருந்தாள். எழுத்துப் பிழை இல்லை என்று பதில் போட்டேன். மறுநாளே போன் செய்தாள். அந்த போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு ஒருவர், கரண்ட் வைக்கிற இடம் எது என்று அவளிடமே கேட்டாராம். அவளும் வாய் தவறி, இதுதான், உட்காருங்க என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருச்சி ஜில்லாவில் கதிர்வீச்சு என்று சொல்லி நோயாளியைக் கூப்பிட்டால் ஒருவரும் எழுந்து வர மாட்டார்கள். ‘கழுத்துல கரண்ட் வெச்சிருக்கு’, ‘இன்னும் பத்து கரண்ட் பாக்கி இருக்கு’ என்றுதான் பேச்சு. அந்த மெஷினிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத கதிர். தொட்டால் ஷாக் அடிக்காது, சுடாது, வைக்கிற நேரத்தில் வலிக்காது. ஆனால் கரண்ட் என்று பெயர் வைத்துவிட்ட பிறகு இதையெல்லாம் யார் நம்புவார்கள்? அதேபோல நான் நர்ஸ் இல்லை, மெஷினை இயக்குகிற டெக்னீஷியன் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கடைசிவரை நான் சிஸ்டர்தான். முதுகுக்குப் பின்னால் ‘கரண்ட் அம்மா’.

கவிதாவும் அவள் கூட இருப்பவர்களும் ஒன்று கேட்டிருக்கிறார்கள். முகத்துக்கு மாஸ்க் போட்டதும் பயந்து எழுந்து ஓடுகிறவர்களை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், எழுதித் தாருங்கள் என்று. நான் சமாளித்ததாக யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

முதலில் மாஸ்க் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தலையிலோ கழுத்திலோ கட்டி இருப்பவர்களுக்குத் தினமும் அதே இடத்தில், நூல் பிசகாமல் கதிர் விழ வேண்டும். ஆள் கொஞ்சம் திரும்பினாலும் போச்சு. அதனால் அவரவர் முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை செய்வோம். பார்க்க வெள்ளைப் பலகை மாதிரி இருக்கும். வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அரிசி அப்பளம் மாதிரி துவண்டுவிடும். அந்தச் சூட்டோடு எடுத்துத் துடைத்து, படுத்திருக்கிறவர் முகத்தின்மேல் விரித்து, மூக்கு, தாடை, நெற்றி என்று விரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஆறியதும் கல்லு மாதிரி இறுகிவிடும். ஓட்டை ஓட்டையாக இருப்பதால் மூச்சு தாராளமாக வரும். பிறகு சிகிச்சை முடியும் வரை தினமும் அதே மாஸ்க்கை முகத்தில் வைத்து, மேஜையோடு சேர்த்து டக், டக் என்று கிளிப் போட்டுவிடுவோம். தலையை அசைக்க முடியாது. வாயைத் திறக்க முடியாது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்து கதவை மூடிவிடுவோம். உள்ளே அவர் மட்டும் இருப்பார்.

கொரோனாவுக்குப் பிறகு இதில் இன்னொரு கூத்து சேர்ந்துகொண்டது. உங்களுக்கு மாஸ்க் போடணும் என்றால் உடனே பையிலிருந்து துணி மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். திருவானைக்காவலிலிருந்து வந்த ஒரு அம்மா, ஆஸ்பத்திரி மாஸ்க்குக்குத் தனியாகக் காசு பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு டஜன் வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். அவருக்கு விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு முட்டிவிட்டது.

எங்கள் துறைக்குப் பெரியவர் சௌந்தரராஜன் சார். கதிர் எவ்வளவு, எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுகிற இயற்பியல் நிபுணர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர். கோயில் கைங்கர்யக் குடும்பம். வீட்டில் பேசுகிற பாஷைதான் ஆஸ்பத்திரியிலும். நோயாளியை மேஜையில் படுக்க வைக்கச் சொல்வதற்கு, “எழுந்தருளப் பண்ணலாமே” என்பார். ஈயம் பதித்த அந்தக் கனத்த கதவு மூடியதும், “திருக்காப்பு சேர்த்தாயிடுத்தா?” என்று கேட்பார். முதல் தடவை கேட்டபோது, பாலக்கரைக்காரியான எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. மாதா கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வளர்ந்தவளுக்குத் திருக்காப்பு எங்கே தெரியும்? ஆமாம் சார் என்று சொல்லிவைத்தேன். நல்ல வேளை, கதவு மூடித்தான் இருந்தது.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த அளவையும் ஒரு முறை பார்த்து நம்பியதும் இல்லை. காலையில் மெஷினைச் சோதித்து முடிக்கும் வரை யாரும் அவரோடு பேசக் கூடாது. மெஷினுக்கு ஒரு சாவி உண்டு. கார் சாவி மாதிரி, கன்ட்ரோல் டேபிளில் அதைப் போட்டுத் திருப்பினால்தான் கதிர் வரும். சாயங்காலம் அந்தச் சாவியைச் சட்டைக்குள் பூணூலில் முடிந்துகொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். அதற்கு இன்னொரு சாவியும் உண்டு. அதை யார் கண்ணிலும் படாத இடத்தில் பத்திரமாக வைத்திருந்தார். எவ்வளவு பத்திரம் என்பது பிற்பாடு தெரிந்தது.

‘அசையாதீங்க’ என்ற சொல்லை அவர் எங்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டார். அசையாதே என்று சொன்ன நிமிஷமே மூக்கு அரிக்கும் என்பது அவர் கட்சி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தான் போட்டுப் பார்க்காத மாஸ்க்கை அடுத்தவருக்குப் போடக் கூடாது என்று சொல்லி என்னைப் படுக்க வைத்து எனக்கே ஒன்று செய்தார். கிளிப் போட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. எடுக்கப் போனவர் ஏதோ கணக்கில் மூழ்கி என்னை மறந்துவிட்டார். எனக்கு ஒரு மூக்கு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் மூக்கு, பிறகு புருவம், பிறகு காது. தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி, பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். திரும்பி வந்தவர், “அடடா, நீ இன்னும் சேவை சாதிச்சிண்டிருக்கியா?” என்றார், பள்ளிகொண்ட பெருமாளைக் கேட்கிற மாதிரி. கிளிப்பை எடுத்ததும் அவரைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது. படித்த படிப்பில் எனக்கு மிகவும் உதவியது அந்த ஒரு பாடம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இனிக் கலியபெருமாளுக்கு வருகிறேன்.

லால்குடிப் பக்கத்து ஆள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கம்பத்து மேலிருந்து கீழே நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தக் குரல் சில மாதங்களாகக் கம்மிப்போய், சளி என்று கஷாயம் குடித்து, கடைசியில் பார்த்தால் குரல்வளையில் கட்டி. ஆரம்ப நிலைதான். கதிர் வைத்தால் அநேகமாகக் குணமாகிவிடும், குரலும் தங்கும் என்று டாக்டர் சொன்னார். வைக்காவிட்டால் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட வேண்டி வரும், பிறகு பேச்சு கிடையாது. இதைக் கேட்டதும் கலியபெருமாள் கரண்டே வைங்க என்று சொல்லிவிட்டார். மாஸ்க் என்ற ஒன்று இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது.

முதல் நாளே கலாட்டா. கரண்ட் என்றால் நம்மைப்போல வாய் வார்த்தைக்குச் சொல்கிற ஆள் இல்லையே அவர். மேஜையைக் குனிந்து பார்த்தார். எர்த் எங்கே என்று கேட்டார். நான் கதிர், கதிர் என்று சொல்லச் சொல்ல, “எத்தனை வோல்ட்டு?” என்றார். அந்தக் கேள்விக்குச் சௌந்தரராஜன் சார் உண்மையையே சொல்லித் தொலைத்தார். மெஷினுக்குள்ளே பல லட்சம் வோல்ட் என்று. லைன்மேன் முகம் வெளுத்துவிட்டது. அதற்குமேல் அவர் முகத்தில் சூடான பலகையை விரித்தால் என்ன ஆகும்? பாதி இறுகுவதற்குள் அலறிக்கொண்டு எழுந்துவிட்டார். மாஸ்க்கும் அப்படியே வாயைப் பிளந்த மேனிக்கு இறுகிவிட்டது. சார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்நாக்குவரை அளவு கிடைத்திருக்கிறது என்றார்.

இரண்டாம் முறை டாக்டர் பயம் தணிய ஒரு மாத்திரை கொடுத்தார். கலியபெருமாள் குறட்டை விட்டுத் தூங்கினார். அற்புதமான மாஸ்க் அமைந்தது. ஆனால் ஊருக்குப் போகிற பஸ்ஸில் மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அவர் மனைவி செல்வராணி முன்சீட்டில் இருந்தவர், பின்வாசல் வழியாக இவரும் இறங்கியிருப்பார் என்று நினைத்து லால்குடியில் இறங்கி நடந்துவிட்டார். இவர் கண் விழித்தது அரியலூரில். மறுநாள் செல்வராணி என்னிடம் வந்து, கட்டியை எப்படி வேணா எடுங்க சிஸ்டர், அந்த மாத்திரை மட்டும் வேண்டாம், தினம் தினம் புருஷனைத் தேடிக்கொண்டு ஜில்லா ஜில்லாவாக அலைய என்னால் முடியாது என்றார்.

மாத்திரை இல்லாமல் படுக்க வைத்தோம். முதல் கிளிப் ‘டக்’ என்றதும் கை கால் உதறல். அவிழ்த்துவிட்டோம். மறுநாளும் அதேதான். மாஸ்க்கில் கண்ணுக்கு நேராக மட்டும் வெட்டிக் கொடுத்தேன், சாரும் அளந்து பார்த்துச் சரி என்றார். கண்ணைத் திறந்துகொண்டே பயந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நாள் ஓடிக்கொண்டிருந்தது. இனித் தள்ளினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை வாய் ஓயாமல் கேலி பேசிக்கொண்டிருந்த செல்வராணி அன்று வராந்தா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். “திட்டுனாலும் திட்டட்டும் சிஸ்டர், அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்” என்றார். இத்தனை வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

கலியபெருமாளை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். கம்பத்தில் ஏறுகிறவருக்கு இதில் என்னண்ணே பயம் என்று நேராகவே கேட்டேன். ஆறிப்போகும் வரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். உயரமும் பயமில்லை, மூச்சு முட்டுவதும் பயமில்லை.

“என்னைக் கட்டிப்போட்டுட்டு நீங்க எல்லாரும் வெளிய போயிடறீங்க. சுவிட்ச் அங்க இருக்கு. யார் கையில இருக்குன்னு எனக்குத் தெரியாது. அப்படி ஒரு கம்பியை நான் என் சர்வீஸ்ல தொட்டதே இல்ல சிஸ்டர்.”

பிறகு எல்.சி. என்றால் என்ன என்று விளக்கினார். லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனுக்குப் பேசி அதை வாங்க வேண்டும். அவர்கள் சப்ளையை நிறுத்திவிட்டு, ஆள் வேலை செய்கிறார் என்று போர்டு மாட்டிவிடுவார்கள். இவரும் பாதுகாப்புக்குக் கம்பியில் எர்த் மாட்டிக்கொள்வார். அதன்பிறகு மந்திரியே வந்து சொன்னாலும் சுவிட்ச் போடக் கூடாது. எல்.சி. வாங்கியவனே இறங்கி வந்து, தன் வாயால், ஆள் இறங்கியாச்சு, சாமான் இறக்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, எல்.சி. ரிட்டர்ன், சப்ளை குடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருப்பவருக்குக் குரல் தெரியும். வேறு குரல் சொன்னால் போட மாட்டார்கள். தெருமுனைச் சின்ன வேலை என்றால் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவாராம். கட்டை தன்னிடம் இருக்கும் வரை யார் என்ன செய்ய முடியும்?

நான் டீக் கிளாஸை வைத்துவிட்டு நேரே சாரிடம் போனேன். கடைசி நோயாளியும் போய், சாவி பூணூலுக்கு ஏறிவிட்டிருந்தது. தினமும் இந்த நேரத்தில் மெஷின் சாவி வேண்டும் என்றேன். எதற்கு என்றார். கலியபெருமாள் கையில் கொடுக்க என்றேன். அந்தச் சாவியை இதுவரை தம் வீட்டு அம்மாள் கையில்கூடக் கொடுத்ததில்லை என்றார். சாவி அவர் கையில் இருந்தால் மெஷினில் ஒன்றும் வராது, அதை அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்ல இதைவிட்டால் வேறு வழி இல்லை சார் என்றேன். சட்டையின் முதல் பட்டனைக் கழற்றினார். “பெருமாள் பேரை வெச்சிண்டிருக்கார், குடு” என்றார்.

ஒத்திகை ஆரம்பமானது. சாவியைக் கன்ட்ரோல் டேபிளிலிருந்து கலியபெருமாளே பிடுங்குவார். உள்ளே வந்து படுப்பார். சாவி வலது கை முஷ்டிக்குள். மாஸ்க், கிளிப். முதல் நாள் ஒரு கிளிப். மறுநாள் எல்லாக் கிளிப்பும். அடுத்த நாள் நான் கதவுவரை போய்த் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் உடம்பு நடுங்கியது, ஆனால் எழவில்லை. சார் வாசலில் நின்று, தன் சாவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவை மூடிப் பார்க்கிற சாயங்காலம் வந்தது. கதவு பாதி வந்ததும், பட்டென்று எல்லா விளக்கும் அணைந்தன. பவர் கட். ஜெனரேட்டர் உறுமிவிட்டு நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மாஸ்க்குக்குள் கட்டிப்போட்ட மனுஷன், கும்மிருட்டு. தட்டுத் தடுமாறி உள்ளே ஓடி, முட்டியை மேஜையில் இடித்துக்கொண்டு, கிளிப்பைத் தேடினேன். உள்ளேயிருந்து பல்லைக் கடித்தபடி நிதானமாக ஒரு குரல்.

“பதட்டப்படாதீங்க சிஸ்டர். சப்ளை இல்ல.”

தொட்டுப் பார்த்தேன். உடம்பில் துளி நடுக்கம் இல்லை. கரண்ட் இல்லாத இடத்தில் லைன்மேனுக்கு என்ன பயம்? வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பது மாதிரி காலை நீட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். மாஸ்க்கை எடுத்ததும், இது நம்ம டிரான்ஸ்பார்மர் பக்கம்தான், ஜம்பர் கம்பி போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். ஓய்வு பெற்றதெல்லாம் மறந்துவிட்டது. வாரியத்து ஆட்கள் வந்ததும் அவர்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்து, கையைக் காட்டி, கம்மிய குரலில் யோசனை சொல்லி, விளக்கு வந்ததும் எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டு, அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் லால்குடி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். சாரும் நானும் ஜெனரேட்டர்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை சார் சட்டைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். “சாவி எழுந்தருளலையே” என்றார்.

இரண்டாவது சாவியைத் தேடினோம். அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார், எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. மேஜை டிராயர், அலமாரி, பஞ்சாங்கத்துக்கு நடுவில், எங்கும் இல்லை. வராந்தா நிரம்பிக்கொண்டிருந்தது. நான் லால்குடிக்குப் போன் போட்டேன். செல்வராணி எடுத்தார். சாவியா, இவர் ராத்திரி சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார், நான் ஏதோ ஆஸ்பத்திரியில் கொடுத்த மந்திரிச்ச சாவி என்று பூ வைத்துக் கும்பிட்டேன் என்றார். கலியபெருமாள் போனை வாங்கினார். நான் திட்ட ஆரம்பிப்பதற்குள், எல்.சி. இன்னும் ரிட்டர்ன் பண்ணலையே சிஸ்டர், அதான் கட்டை என்கிட்ட இருக்கு என்று சாதாரணமாகச் சொன்னார். இங்கே மெஷின் நிற்கிறது, ஒருத்தருக்கும் கரண்ட் வைக்க முடியவில்லை என்றேன். ஆமாம், நானும் கரண்ட் என்றே சொன்னேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்.

சட்டைப் பட்டனை மாறாட்டமாகப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கக் கலியபெருமாள் வந்து சேர்ந்தார். வராந்தாவில் எல்லோரும் அவரைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். விஷயம் பரவியிருந்தது. வாயில் கட்டி வந்தவர், மூக்குக்குள் வந்தவர், கன்னத்தில் முந்தின நாள் மாஸ்க்கின் வலைத்தடம் அழியாமலே உட்கார்ந்திருப்பவர். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிற ஒரு அம்மா, கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடத்தோடு, எழுந்து அவர் முன்னால் வந்தார்.

“நீங்கதான் கரண்ட்டைப் பிடுங்கிட்டுப் போன ஆளா? எனக்கு ரெண்டு நாள்தான் பாக்கி இருக்குங்க. முடிச்சுட்டு வியாபாரத்துக்குப் போகணும்.”

அந்த அம்மா கோபமாகக்கூடப் பேசவில்லை. ஆனால் கலியபெருமாள் தலை குனிந்துவிட்டது. பிற்பாடு என்னிடம் சொன்னார். புயலிலும் மழையிலும் கம்பம் சாய்ந்து கிடந்தபோதுகூட, தன்னால் ஒரு தெருவுக்குச் சப்ளை தாமதமானது என்று யாரும் சொன்னதில்லை. இத்தனை பேரை இருட்டில் உட்கார வைத்துவிட்டேனே என்று நினைத்தபோது மாஸ்க்கெல்லாம் ஒரு பயமாகவே தோன்றவில்லையாம். சாவியை நேரே கன்ட்ரோல் டேபிளுக்குக் கொண்டுபோய், தன் கையாலேயே போட்டார். செல்வராணி வைத்த மல்லிகை ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் வைத்து முடியும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடைசியாக எழுந்து, இப்ப எனக்கு வைங்க என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. எல்.சி. தன் பேரில்தான். சம்மதம் என்றேன். மாஸ்க் போட்டதும் வெளியே வந்து கதவை மூடிவிட்டு மைக்கில் சொன்னேன்.

“அண்ணே, சப்ஸ்டேஷன்ல நான்தான் இருக்கேன். வேற யாரும் சுவிட்ச் பக்கம் இல்ல. எல்.சி. உங்ககிட்ட. கட்டை விரலைத் தூக்கினா ரிட்டர்ன். கையைத் தூக்கினா அடுத்த நிமிஷம் ஆஃப்.”

கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தோம். விரல் எழவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. சார் எனக்குப் பின்னால் உதட்டை அசைத்து ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு அந்தோணியாரைக் கூப்பிட்டேன். கடைசியில் அந்தக் கட்டை விரல் எழுந்தது. பட்டனை அழுத்தினேன்.

பாதியில் கை முழுசாக மேலே எழுந்தது. நிறுத்தினேன். கதவைத் திறந்து ஓடிப்போய் மாஸ்க்கை எடுத்தேன். என்னண்ணே, முடியலையா என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “ஒண்ணுமில்ல சிஸ்டர். ஆஃப் ஆகுதான்னு டெஸ்ட் பண்ணேன்.”

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் கையைத் தூக்கவில்லை. தினமும் கட்டை விரல் மட்டும். ஆனால் அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. விரலால் சொல்வதெல்லாம் தற்காலிகம், மாஸ்க் வாயை அடைத்திருப்பதால் ஒத்துக்கொள்கிறேன், வாயால் சொல்வது பாக்கி என்பார். நாளாக ஆகத் தொண்டை புண்ணாகி, சோறு இறங்காமல் கஞ்சியில் வந்து நின்று, இருந்த குரலும் போய்விட்டது. கடைசி நாள் கரும்பலகையில் எழுதுவது மாதிரி காற்றில் விரலால் எழுதிக் காட்டி விடைபெற்றார். எல்.சி. ரிட்டர்னா அண்ணே என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வேலை சரியாக முடிந்ததா என்று லைனைப் பார்த்த பிறகுதானே சொல்ல முடியும்? மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டின் முன்னால் செல்வராணி அதைத் திருஷ்டிக்குத் தொங்கவிட்டு, மீசையும் வரைந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அப்புறம் வெகு நாள் ஒன்றும் தெரியவில்லை. நான் ஓய்வு பெற்றேன். சார் எனக்குக் கொடுத்த விருந்தில் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே அந்த இரண்டாவது சாவி. அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் நாமம் இட்டுக்கொள்கிற திருமண் பெட்டிக்குள் இருந்ததாம். மெஷினையே மாற்றப்போகிறார்கள், நீ வைத்துக்கொள் என்றார். இப்போது வந்திருக்கிற புது மாஸ்க்கில் முகம் திறந்தே இருக்கிறதாம், நல்ல விஷயம்தான். ஆனால் கவிதா, முகம் திறந்திருந்தாலும் சுவிட்ச் அடுத்த அறையில்தானே இருக்கிறது? அது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். போர்டு வேண்டுமானால் இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து போன். கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். வணக்கம் இல்லை, பேர் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. என் அடுக்களைப் பாத்திரமெல்லாம் அதிரும்படி ஒரு குரல்.

“சப்ஸ்டேஷனா? ஆளு இறங்கியாச்சு. சாமான் இறக்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. எல்.சி. ரிட்டர்ன். சப்ளை குடுக்கலாம்.”

பின்னாலிருந்து செல்வராணி, காதே செவிடாகிவிடும், மெதுவாகப் பேசுங்க என்று திட்டுவதும் கேட்டது. மீன் கையோடே நான் அழுதேன். அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். பதில் வரும் வரை போனை வைக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையில் சட்டம்.

“குரல் தெரியுதுண்ணே” என்றேன். “சப்ளை போட்டாச்சு.”